முப்பத்தேழாம் எண் கழுகு

குல்பாஷுக்கு அந்த அக்டோபரில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கராதாவ் மலையின் மேல்முகட்டிலிருந்து தோலேகனை இறக்கிவிட்டு, தான் அங்கே போய் உட்கார வேண்டும்.

போன வருஷம் அது அவளுடைய இடம். தெற்கே வலசை போகும் கழுகுகளை ஒரே நாளில் தொள்ளாயிரத்து ஆறு எண்ணியவள். மறுநாள் காய்ச்சலில் படுத்தாள். எழுந்து வந்து பார்த்தால் அந்த நாளின் கணக்குத் தாளில் தோலேகனின் பெயர். "கண்ணாடிக்காரிக்கு அவ்வளவு தூரம் எங்கண்ணே தெரியும்? எண்ணுனது நான்" என்று அவன் சொன்னதைத் கணக்கெடுப்புக் குழுவின் தலைவர் போலாத்கான் நம்பித் தொலைத்தார். அவளைக் கீழ்முகட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கீழே இருப்பவள் கழுகை முதலில் பார்த்து ரேடியோவில் சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் தன் கண்ணால் பார்த்து "கடந்தாச்சு" என்றால்தான் அது கணக்கில் ஏறும், அதுவும் அவன் பெயரில். வயிறு எரியாதா? அதைவிட எரிச்சல், அவன் சொல்லும் வேகம். கழுகு மேல்முகட்டைத் தொட நாலு நிமிஷமாவது ஆகும். இவள் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். படுபாவி கூடாரத்துக்குள் டீ குடித்தபடியே எழுதுகிறான்.

ஒருநாள் போலாத்கான் கீழ்முகட்டுக்கு வந்தார். "சும்மா கேட்டுட்டே இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ரேடியோவை எடுத்தாள். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

"தோலேகன், ஒத்தைக் கழுகு வருது. இறக்கையில மஞ்சப் பட்டை. நம்பர் முப்பத்தேழு மாதிரி இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியாதே, நீ பாத்துச் சொல்லு."

"முப்பத்தேழேதான் தங்கச்சி! பளிச்சுனு தெரியுது. கடந்தாச்சு."

குல்பாஷ் கோட்டுப் பையிலிருந்து ஒரு மஞ்சள் பட்டையை எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள். முப்பத்தேழு. குஞ்சாக இருந்தபோது அந்தப் பறவைக்கு அதை மாட்டியவரே போலாத்கான்தான்.

"செத்துப்போச்சா?"

"மின்கம்பிக்குக் கீழ கருகிக் கிடந்துச்சுண்ணே. ஏப்ரல்ல."

"ஆறு மாசமா ஏன் சொல்லல?"

"இன்னிக்குச் சொல்லணும்னுதான்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ரேடியோவில், "தோலேகன், மூட்டையக் கட்டிட்டு கீழ வா" என்றார்.

பாதையில் எதிரே வந்தவன் முறைத்தான். "என்ன தோலேகன், முப்பத்தேழு தெக்க போச்சா, வடக்க போச்சா?" என்று கேட்டுவிட்டு அவள் ஏறினாள். நெஞ்சு குளிர்ந்திருந்தது.

மேலே போய் உட்கார்ந்ததும் ரேடியோவில் போலாத்கானின் குரல் வந்தது. "ஒரு கழுகு வருது. மஞ்சப் பட்டை, நாப்பத்தொண்ணு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலு நிமிஷம் தேடினாள், எட்டு நிமிஷம் தேடினாள். வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

"ஒண்ணும் வரலண்ணே."

"ம், சரி" என்றார் அவர், கொஞ்சமும் ஆச்சரியமில்லாமல். தன்னையும் சோதிக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இனி தினமும் சோதிப்பார்.

சோதிக்கட்டும் என்று தாளை எடுத்து, மேலே தன் பெயரை அழுத்தி எழுதினாள்.