விருந்துக்குத் தப்பிய மத்தியானம்

கொழும்பில் இருப்பவர்களைக் கேட்டால், வவுனியா என்பது பஸ்ஸை நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கிற இடம் என்பார்கள். மல்லாவியில் பிறந்து துணுக்காயில் வாழ்க்கைப்பட்ட யதுர்ஷிகாவுக்கோ அதுதான் பட்டணம். மாடிப்படி ஏறிப் போய், ஏசி குளிரில் இருந்து, மெனு மட்டையைப் புரட்டிப் பார்த்துச் சாப்பாடு சொல்லுகிற கடைகள் அங்கேதான் இருந்தன. அப்படி ஒரு கடையில் புருசன் நிருஷனோடு தனியாக இருந்து ஒரு நேரம் சாப்பிட வேண்டும். கலியாணம் முடிந்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே ஆசை இதுதான்.

இதெல்லாம் ஒரு ஆசையா என்று சிரிக்கக் கூடாது. புதுப் பொம்பிளை மாப்பிள்ளையை எங்கள் சனம் என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள். கலியாண வீட்டுப் பந்தல் பிரிக்க முதலே விருந்து தொடங்கிவிடும். ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாகப் போயாக வேண்டும். ஒரு வீட்டை விட்டால் அந்த வீட்டோடு ஆயுசுக்கும் கதைபேச்சு இல்லை. இரண்டு பேரையும் இருத்தி வைத்து, சுற்றி நின்று, "பொடியன் கூச்சப்படுகுது, போடுங்கோ" என்று குவிப்பார்கள். கோழி அடித்தால் ஈரல் மாப்பிள்ளைக்கு என்பது எழுதாத சட்டம். விருந்து இல்லாத நாட்களில் மாமியார் கமலாசனி பக்கத்தில் நின்று போட்டுக் கொடுப்பார். நிருஷனும் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவுவான். இந்த மனுசன் தன் வாயால் கேட்டு எதைச் சாப்பிடுவார் என்று யதுர்ஷிகாவுக்குத் தெரியவே இல்லை. கட்டினவனுக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாமல் என்ன குடும்பம் நடத்துவது என்று அவளுக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

தெரிந்தது ஒன்றே ஒன்று. முதல் விருந்தில் அவன் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஈரலைத்தான் முதலில் எடுத்து வாயில் போட்டான். அதைக் கண்டுபிடித்த பெருமை தாங்காமல் அவளே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து, "அவருக்கு ஈரல் எண்டா உயிர்" என்று சொல்லிவைத்தாள். பிறகு போன வீடுகளிலெல்லாம் ஈரல் கூடிக்கொண்டே வந்தது. கடைசி வீட்டில் ஆட்டு ஈரலைத் தனிச் சட்டியில் வறுத்து வைத்திருந்தார்கள். அவன் அதையும் முதலிலேயே முடித்தான்.

இப்படி இருக்கும்போதுதான் கலியாண அல்பம் தயார் என்று வவுனியா ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தது. யதுர்ஷிகாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அல்பத்தை எடுக்கிறோம், நல்ல கடையாகப் பார்த்து ஏறுகிறோம் என்று அவள் மனதுக்குள் திட்டமெல்லாம் போட்டுவிட்டாள். செய்த பிழை ஒன்றுதான். எங்கே போகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டாள்.

பஸ் மாங்குளம் வர முதல் அவளுடைய போன் அடித்தது. வவுனியா குருமன்காட்டில் இருக்கிற அவளுடைய ஞானேஸ்வரி பெரியம்மா.

"பிள்ளை, வவுனியாவுக்கு வாறியளாம். மத்தியானம் இஞ்சதான் சாப்பாடு. நான் கோழிக்குச் சொல்லியிட்டன்."

அதை வைக்கவில்லை, நிருஷனுடைய போன் அடித்தது. பண்டாரிகுளத்தில் இருக்கிற அவனுடைய தாய்மாமன் பழனியாண்டி.

"மருமோன், மத்தியானம் வீட்டுக்கு வாங்கோ. வராமப் போனியளெண்டா பிறகு என்ர முகத்தில முழிக்கக் கூடாது."

பட்டணத்துக்குப் போனால் எங்கே சாப்பிடுவது என்று உலகம் முழுக்க ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்களாம். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கரைச்சலே இல்லை. அங்கே இருக்கிற சொந்தக்காரர் வீட்டில்தான் சாப்பாடு. கடையில் சாப்பிட்டது தெரியவந்தால், "ஏன், எங்கட வீட்டில சோறில்லையோ" என்று வருசக் கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள்.

யதுர்ஷிகா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தது. பஸ் கனகராயன்குளம் தாண்டும்போது அழுகை நின்று மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ. பெரியம்மாவிட்ட, மாமா வீட்டில சாப்பாடெண்டு சொல்லுறன். நீங்கள் மாமாவிட்ட, பெரியம்மா வீட்டிலயெண்டு சொல்லுங்கோ."

நிருஷன் அவளைப் பார்த்தான். இவ்வளவு துணிச்சலான ஒருத்தியோடு ஒரு மாதமாகக் குடும்பம் நடத்துகிறேனா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு போனை எடுத்தான்.

இரண்டு பொய்யும் வெண்ணெயில் கத்தி இறங்கினமாதிரி இறங்கின. "அப்பிடியே? சரி சரி, மாப்பிள்ளை பகுதியை முறிக்கக் கூடாது, நீங்கள் அங்கயே சாப்பிடுங்கோ" என்றா பெரியம்மா. மாமாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். இரண்டு பேருடைய குரலிலும் இருந்த சந்தோசத்தை இவர்கள் கவனிக்கவில்லை. தங்களுடைய சந்தோசமே அவர்களுக்குக் காதை அடைத்திருந்தது.

அல்பத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒளித்த பிள்ளைகள்போல இரண்டு பேரும் பசார் வீதியில் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு கடையின் மாடிப்படியில் ஏறினார்கள். குளிர் முகத்தில் அடித்தது. கண்ணாடி ஓரத்து மேசை கிடைத்தது. மெனு மட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார் பரிமாறுகிறவர். யதுர்ஷிகா அதைப் புருசன் பக்கம் தள்ளிவிட்டு, நாடியில் கையை ஊன்றிக்கொண்டு அவன் வாயைப் பார்த்தாள்.

அவன் வாயைத் திறக்க முதல் படியில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தெரிந்த சிரிப்பு. புதுச் சேலை, தலையில் பூ, பின்னால் பெரியப்பா. ஞானேஸ்வரி பெரியம்மா கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டா.

"மாமா வீட்டில சாப்பாடெண்டாய்?"

"கோழிக்குச் சொன்னனீங்கள்?"

பெரியம்மா பதில் சொல்ல முதல், ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு இன்னொருவர் ஏறி வந்தார். பழனியாண்டி மாமா. வீட்டுக்குக் கொத்துரொட்டிப் பார்சல் கட்ட வந்தவர். விருந்தாட்கள் வரமாட்டார்கள் என்றதும் அவருடைய மனுசி குசினி அடுப்புக்கு லீவு விட்டிருந்தா. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போனில் நடிக்காத ஆள் என்று அங்கே பெரியப்பா மட்டும்தான் இருந்தார்.

முதலில் சுதாரித்தது பெரியம்மாதான். கதிரை ஒன்றை இழுத்தா.

"சரி, கடவுளாப் பாத்து ஒண்டு சேத்திருக்கிறார். மேசையளை ஒட்டுவம். இவையளிட்ட ஈரல் இருக்கோ எண்டு கேளுங்கோ, மாப்பிள்ளைக்கு."

யதுர்ஷிகா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். இங்கேயும் விருந்து. நாளை துணுக்காயில் விருந்து. இனி வருகிற சித்திரைக்கும் விருந்துதான்.

நிருஷன் எழுந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"பெரியம்மா, மாமா, குறை நினையாதேங்கோ. நானும் இவவும் ஒருநாளாவது தனிய இருந்து சாப்பிடவேணுமெண்டுதான் வந்தனாங்கள். இன்னொண்டு. எனக்கு ஈரல் கண்ணிலயும் காட்டக் கூடாது."

"முதல் முதல் அதைத்தானே எடுத்துத் தின்னுறனீங்கள்?" என்றாள் யதுர்ஷிகா, மூச்சு விடாமல்.

"கெதியா விழுங்கி முடிச்சிட்டா, மிச்சத்தை ருசிச்சுத் தின்னலாமெண்டுதான். முடிக்க முடிக்க வந்துகொண்டிருந்துது."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "எனக்கும் ஈரல் பிடியாது" என்றார் மெதுவாக.

பெரியம்மா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளைகள் எல்லாம் கலியாணம் முடித்துப் போன வயதில் கட்டினவனை முதல் முதலாகக் காண்கிற பார்வை அது. "இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டா. அவருடைய கையைப் பிடித்துத் தூரத்து மூலை மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனா. மாமா பார்சலை வாங்கினார். "நான் உங்களைக் காணேல்ல, நீங்களும் என்னைக் காணேல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

யதுர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. நிருஷனும் சிரித்தான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்ததை இரண்டு பேரும் கணக்கெடுக்கவில்லை.

"இனியாவது சொல்லுங்கோ. உங்களுக்கு என்னதான் விருப்பம்?"

அவன் மட்டையைத் திருப்பி அவள் பக்கம் வைத்தான்.

"அதைப் பிறகு பாப்பம். உமக்கு என்ன விருப்பம்?"

யதுர்ஷிகா மட்டையைக் கையில் எடுத்தாள். தாய் வீட்டில் தம்பிமாருக்குப் பிடித்ததைச் சமைப்பார்கள். வந்த வீட்டில் இவனுக்குப் பிடித்தது என்று நினைத்ததைச் சமைத்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதுகூட இப்போதுதான் தெரிந்தது. அவள் மட்டையின் முதல் வரியில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"பலூடா."

"அது சாப்பாடு முடியத்தானே தங்கச்சி?" என்றார் மேசைக்கு வந்துநின்ற பரிமாறுகிறவர்.

"இல்லை அண்ணை. எனக்கு முதல் அதுதான். மிச்சம் யோசிச்சுச் சொல்லுறன்."

அவர் நிருஷன் பக்கம் திரும்பினார். அவன் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு தலையை ஆட்டினான்.

"இவ யோசிச்சு முடிக்கட்டும் அண்ணை. எங்களுக்கு அவசரமில்லை."