அக்கா வெட்டாத ராணி

“இனிமே இதைச் சார்ஜ்ல போட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல மேடம்,” என்றார் செல்போன் கடைக்காரர். பேட்டரி உப்பி, என் சின்ன டேப்லெட்டின் திரை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. இந்த மாடலுக்குப் பேட்டரி வருவதே நின்றுபோயிற்றாம். அதே அளவில் புதுசு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். “போட்டோ, நம்பர் எல்லாம் மாத்திக் குடுத்துடறேன். நீங்க கேட்ட அந்தச் செஸ் ஆட்டம் மட்டும் இதுல ஏறாது. கம்பெனிக்காரன் அதைக் கைவிட்டுட்டான்.”

எனக்கு அந்தச் செஸ் மட்டும்தான் வேண்டும். மற்றதெல்லாம் எக்கேடு கெட்டால் என்ன?

அக்கா தன் புருஷன் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் மூன்று வருடம் ஆகிறது. எங்கே இருக்கிறாள் என்று ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. போன் எண்ணையும் மாற்றிவிட்டாள். தேடி அலைந்து, அழுது ஓய்ந்து கிடந்த ஒரு காலையில், இந்த டேப்லெட்டில் பாதியில் நின்றிருந்த எங்கள் ஆன்லைன் செஸ் ஆட்டத்தில் அவளுடைய குதிரை நகர்ந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அதில் எழுதவோ பேசவோ வழியில்லை, காயை நகர்த்தலாம், அவ்வளவுதான். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு காய், ஓர் ஆட்டம் முடிந்தால் அடுத்தது. கல்நெஞ்சக்காரி, ஒருமுறைகூட விட்டுக்கொடுத்து ஆடியதில்லை. நான் அசந்தால் போதும், வெட்டிவிடுவாள். அம்மா கண் விழித்ததும், “நகத்திட்டாளாடி?” என்றுதான் கேட்பாள். ஆமாம் என்றால்தான் அவளுக்குத் தொண்டையில் காபி இறங்கும்.

“வேற வழியே இல்லையாங்க?”

“இருக்கிற சார்ஜ் தீர்ற வரைக்கும் வெச்சுக்கலாம். இல்லன்னா புதுசு எடுத்துக்கங்க. நீங்கதான் முடிவு பண்ணணும்.”

என்ன முடிவு பண்ணுவது? புதுசில் அக்கா இல்லை. பழசைக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டால் வீடு பற்றிக்கொள்ளும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக உனக்கு என்னடி கேடு?

சார்ஜ் கடைசிக் கோட்டில் இருந்தது. என் ராணியைத் தூக்கி அவள் யானைக்கு நேர் எதிரே, காவல் எதுவும் இல்லாமல் வைத்தேன். செஸ் தெரிந்த யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்கு உறைக்கட்டும்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் வேறு இருவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். அம்மா போனில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல?

நாளைக்கு வர வேண்டிய காய் இப்போதே அசைந்தது. யானை இல்லை. அவளுடைய ராணி பலகையின் அந்தக் கோடியிலிருந்து வந்து, என் ராணியை ஒட்டினாற்போல் நின்றது. நான் வெட்டலாம். அவளும் வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை.

“அடிப் பாவி,” என்றேன். வாய்விட்டு அழுதேன். திரை மங்கத் தொடங்கியது.

“சார்ஜர் ஒயரைக் குடுங்க,” என்றேன்.

“மேடம், சொன்னேன்ல...”

“குடுங்கன்னா குடுங்க!”

கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கடைக்குள் நின்றிருந்த இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு ஒயரை எடுத்தார்.