கெளுத்தியின் பகல்கண்

மீனுக்கு இமை இல்லையே என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். அதற்கு வேண்டிய ஏற்பாடு கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பகலில், வெளிச்சத்தில் பார்க்கும் அணுக்கள் முன்னே நகர்ந்து வரும். இருட்டில் பார்க்கும் அணுக்கள் பின்னாலுள்ள கறுப்புச் சாயத்துக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். இருட்டிவிட்டால் இரண்டும் இடம் மாறும். யுத்தம் முடிந்த மறு வருஷம், தூத்துக்குடியில் ஒரு மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் வரலக்ஷ்மி பார்த்துக்கொண்டிருந்த வேலை இதுதான்.

குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை ஓர் அறையில் மட்டும் கிழிக்காமல் விட்டிருந்தார்கள். அங்கே ஒரு தொட்டியில் கெளுத்திகளை இரவும் பகலும் இருட்டிலேயே வைத்திருந்தாள். காலையில் ஒன்றை எடுத்துக் கண்ணைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பகல்கண்; வெளிச்சத்து அணுக்கள் முன்னே வந்து நின்றன. மறுநாளும் அதே கதை.

“யாரோ கதவைத் திறந்திருக்கா,” என்றார் மேலதிகாரி சுதர்சனம். யாரோ என்ன யாரோ. இன்னொரு சாவி இருந்தது கூட்டிப் பெருக்கும் செல்லத்தாயிடம்தான்.

வரலக்ஷ்மி அவளை எதிரே நிறுத்தினாள். “என் கண்ணைப் பாத்துச் சொல்லு. உள்ளே போனியா?”

“போவலம்மா. எம்புள்ள மேல சத்தியம்.”

புருஷன் இல்லாதவள், இந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் வரலக்ஷ்மிக்குத் தெரியும். ஆனால் படித்தவர்களுக்குச் சத்தியத்தைவிட மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடிச் சில்லு பெரிது. அன்றே செல்லத்தாய் சாவியைக் கொடுத்துவிட்டு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டாள்.

வரலக்ஷ்மி புதுப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். விடிந்ததும் அந்த இருட்டறையில் தடவித் தடவி ஒரு மீனைப் பிடித்தாள். பகல்கண். அந்தி சாய்ந்த பிறகு இன்னொன்று. இராக்கண். மறுநாள் விடியலில் மறுபடியும் பகல்கண். ஒரு பொட்டு வெளிச்சம் படாமலே, பொழுது விடிவது கெளுத்திக்குத் தெரிந்திருந்தது. சுதர்சனம் இது பெரிய விஷயம் என்று தலைகால் புரியாமல் ஆடினார். வரலக்ஷ்மிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அளத்தில் செல்லத்தாய் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அதற்குள் பாதம் வெடித்திருந்தது.

“தப்பு என் மேலதான். நீ கதவைத் திறக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. திரும்ப வந்துடு.”

“எப்பிடித் தெரிஞ்சுது?”

“மீன் கண்ணைப் பாத்துத் தெரிஞ்சுண்டேன்.”

“நான் ஒங்க கண்ணப் பாத்துத்தானம்மா சொன்னேன்,” என்றாள் செல்லத்தாய், குரலை உயர்த்தாமல்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். பிள்ளை சாப்பிட வேண்டுமே. ஆனால் அந்த அறையைக் கூட்ட மட்டும் தனியாகப் போக மாட்டாள். வரலக்ஷ்மி வந்து வாசலில் நிற்கும்வரை விளக்குமாற்றோடு வெளியிலேயே காத்திருப்பாள்.