டென்மார்க் அம்மாவின் பதினோராவது குறிப்பு

எங்கள் மருத்துவ இதழின் ஆசிரியர் குழுவில் மொத்தம் மூன்று பேர். முதன்மை ஆசிரியர், ஞானசம்பந்தமாகிய நான். திருப்பூரில் இருமலுக்கு மருந்து எழுதிப் பிழைப்பவன். இரண்டாமவர், ஊத்துக்குளியில் பல் பிடுங்கும் என் மைத்துனர். மூன்றாமவர் என்னோடு படித்த டாக்டர் குமாரசாமி. அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. பெயரை எடுக்க மனம் வரவில்லை. தவிரவும், என் தலையங்கத்தைக் குறை சொல்லாத ஒரே உறுப்பினர் அவர்தான்.

பதினோரு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை முந்நூறு பிரதி அடிக்கிறோம். பாதி டாக்டர்களுக்குத் தபாலில் போகும். மீதி என் கிளினிக்கில் கரண்ட் போகும்போது நோயாளிகள் விசிறிக்கொள்ள உதவும்.

இப்படியே காலம் தள்ளியிருப்பேன். சித்ராதேவி விடவில்லை. அரசு மருத்துவமனையில் டாக்டர். என் மகள் வயது. ஒரு பனியன் கம்பெனியில் மருத்துவ முகாம் போடப் போனவள், துணி பின்னும் நிட்டிங் ஹாலில் வேலை செய்யும் நாற்பது பேரை மீட்டரில் ஊதவைத்து மூச்சை அளந்தாள். அங்கே பறக்கும் பஞ்சுத் தூசியையும் அளந்தாள். மெஷினுக்கு மேலே தூசி உறிஞ்சும் குழாய் வையுங்கள் என்று கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினாள். பதில் இல்லை. பிறகு அதையே கட்டுரையாக்கி, கம்பெனிக்கு ‘ஆலை அ’ என்று பெயர் வைத்து, என்னிடம் கொண்டுவந்தாள். அச்சில் வந்தால் யாராவது கேட்பார்கள் என்று நம்பினாள்.

ஆனால் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத இதழில் வருவதை யாரும் கேட்கமாட்டார்கள். பட்டியலில் சேர, ஆசிரியர் குழுவில் ஐந்து நாட்டு உறுப்பினர்கள் வேண்டும். எங்களிடம் இருந்தவை திருப்பூர், ஊத்துக்குளி, மேலுலகம்.

“பேரெல்லாம் எனக்கு முக்கியமில்லீங்க சார்” என்றாள் சித்ராதேவி. “மருதாக்கான்னு ஒருத்தங்க ஊதறப்ப மீட்டர் முள்ளு அசையவே இல்ல. அங்க குழாய் வரணும். அவ்வளவுதான்.”

இந்த ஊரில் ஐந்து நாட்டைத் தெரிந்தவர் யார்? ஏற்றுமதிக்காரர். எனக்குப் பழக்கமான ஏற்றுமதிக்காரர் ஒருவர்தான்: மகுடேஸ்வரண்ணன். ‘ஆலை அ’ அவருடையது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவரிடமே போய் உதவி கேட்டேன். வீரமென்று நினைத்துவிடாதீர்கள், வேறு வழியில்லை.

அஞ்சு போதுங்களா, நம்ம சரக்கு பதினேழு நாட்டுக்குப் போவுதே என்றார் அவர். கைம்மாறாக முதல் பக்கத்தில் ‘புரவலர்’ என்று அவர் போட்டோ வரவேண்டும். ஒத்துக்கொண்டேன். வேலையை மெர்ச்சண்டைசர் சுபஸ்ரீயிடம் கொடுத்தார். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு நாள் முழுக்கக் கடிதப் போக்குவரத்து நடத்தும் பெண்.

திருப்பூரில் சாம்பிள் அனுப்பாமல் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. சுபஸ்ரீ உலகெங்கும் அறுபது பேராசிரியர்களின் முகவரியைத் தேடிப் பிடித்து, எங்கள் பழைய இதழ் இரண்டையும், இதழின் பெயர் அச்சிட்ட டிஷர்ட் ஒன்றையும் பார்சலில் அனுப்பினாள். ஆசிரியர் குழுவில் சேரச் சம்மதமென்றால் பதிலில் சைஸ் எழுதவும், பொருந்தாவிட்டால் மாற்றித் தருவோம் என்று கடிதம். ஒன்பது பேர் எழுதினார்கள். கென்யா, லார்ஜ். பெரு, மீடியம். துருக்கிக்காரர் பேரன்கள் இருவருக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார். ஒரே மாதத்தில் ஆறு நாடுகள். கண்ணாடி முன் நின்று ‘சர்வதேச முதன்மை ஆசிரியர்’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் மனைவி பால் வாங்கிவரச் சொன்னாள்.

டென்மார்க்கிலிருந்து இங்கர் லுண்ட் என்ற அம்மா மட்டும் சைஸோடு நிறுத்தவில்லை. ‘மீடியம். எப்போது வேலை அனுப்புவீர்கள்?’ என்று கேட்டிருந்தார். எங்கள் இதழின் சரித்திரத்தில் உறுப்பினர் ஒருவர் வேலை கேட்டது அதுவே முதல் முறை. சித்ராதேவியின் கட்டுரையை அனுப்பிவைத்தோம், சுபஸ்ரீயின் கம்பெனி மெயிலிலிருந்தேதான். பதிலும் அங்கேயே வந்தது: எண் போட்டு இருபத்துமூன்று குறிப்புகள். பதினோராவது இது: ‘மெஷின்களுக்கு மேல் தூசி உறிஞ்சும் குழாய் பொருத்தி, ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்து அனுப்பவும். இல்லாவிட்டால் இந்த ஆய்வு அரைகுறைதான்.’

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளூர்க்காரர் தமிழில் எழுதிக் கேட்டால் பார்க்கலாம் என்போம். வெளிநாட்டிலிருந்து எண் போட்டு ஒரு பட்டியல் வந்தால் ஏன் என்று கேட்கமாட்டோம். காலர் அரை சென்டிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் இறங்கும். பட்டன் நிறம் மாற வேண்டுமென்றால் மாறும். எதிரே தேதி, பொறுப்பாளர் பெயர், முடிந்ததும் ஒரு டிக். சுபஸ்ரீ அந்தப் பட்டியலைப் பிரித்து, அட்டவணை, மேற்கோள் பற்றியவற்றை எனக்கு அனுப்பினாள். குழாயைக் கம்பெனிப் பட்டியலில் ஏற்றினாள்: மெயின்டனன்ஸ், பதினைந்து நாள். ஜெர்மனியில் கண்காட்சியில் இருந்த மகுடேஸ்வரண்ணன் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: எந்த நாடு? டென்மார்க் என்றதும், முடித்துவிடச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் சித்ராதேவி எனக்குப் போன் செய்தாள்.

“சார், குழாய் மாட்டிட்டாங்க. எதுக்குன்னே தெரியல. பயமா இருக்குங்க சார்.”

எனக்கும்தான். சுபஸ்ரீயைக் கேட்டேன். “லிஸ்ட்ல இருந்துச்சு சார், ஏத்திட்டேன்” என்றாள். பதினோராவது குறிப்பையும் அனுப்பிவைத்தாள். தெரிந்தேதான் செய்தாளா என்று குரலில் பிடிபடவில்லை.

மகுடேஸ்வரண்ணன் ஊர் திரும்பிய மறுநாள் காலை என் கிளினிக்குக்கு வந்தார். டோக்கன் வாங்கி, நோயாளிகளோடு உட்கார்ந்து, எங்கள் இதழால் விசிறிக்கொண்டிருந்தார். முறை வந்ததும் உள்ளே வந்தார்.

“ஏனுங்க டாக்டர், அந்த டென்மார்க்கம்மா எத்தன பீஸ் எடுப்பாங்க?”

பொய் சொல்லும் திறமை எனக்கு உண்டு. ஆனால் தயார் செய்ய இரண்டு நாளாவது வேண்டும். எனவே உண்மையைச் சொன்னேன். அவர் துணி வாங்குகிறவர் இல்லை, கட்டுரை படிக்கிறவர், பஞ்சுத் தூசி பற்றிய சித்ராதேவியின் கட்டுரையைப் படித்துத்தான் குழாய் கேட்டார் என்று. அண்ணன் கையிலிருந்த இதழைப் பிரித்தார். பதினோரு வருடத்தில் அவர் அதைப் பிரித்தது அன்றுதான்.

“அப்ப, அந்தக் கட்டுரைல வர்ற கம்பெனி நம்முளுதுங்களா?”

“ஆமாங்கண்ணா.”

இதழை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, ஆளை விட்டுக் குழாயைக் கழற்றச் சொல்லிவிடுவதாக மரியாதையாகவே சொன்னார். எனக்கு மருதாக்காவின் அசையாத முள் ஞாபகம் வந்தது. கூடவே, இதழுக்குக் கிடைத்த ஒரே புரவலரும் போய்விடுவாரே என்றும் தோன்றியது. நான் அப்படிப்பட்ட ஆள்தான். கையில் இருந்தது ஒரே ஆயுதம்: பதினோராவது குறிப்பின் பின்பாதி.

“கழட்டறது உங்க இஷ்டமுங்கண்ணா. ஒரு மாசம் கழிச்சு அளந்து அனுப்பச் சொல்லியிருக்காங்க. செய்யலைன்னு எழுதிடறேன்.”

“டென்மார்க்குக்குங்களா?”

“ஆமாங்க.”

அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். முப்பது வருடமாக வெளிநாட்டுக்கு ‘செய்யவில்லை’ என்று எழுதியறியாத மனிதர்.

“அப்பிடி எழுதாதீங்க. கம்பெனிக்குக் கெட்ட பேருங்க” என்று எழுந்து போய்விட்டார்.

குழாய் நின்றது. ஒரு மாதம் கழித்து சித்ராதேவி அளந்தாள். தூசி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. செய்தி கேட்டு மகுடேஸ்வரண்ணன் இனிப்போடு வந்தார். குழாய் வைப்பதற்கு முந்திய கணக்குக்குப் பெயர் வேண்டாமாம். பிந்திய கணக்குக்கு மட்டும் கம்பெனி பெயரைப் போடவேண்டுமாம். சித்ராதேவி முடியாதென்றாள். கடைசியில் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவதென்று முடிவாயிற்று.

அங்கீகாரக் குழுவிடமிருந்தும் பதில் வந்தது. வெளிநாட்டு உறுப்பினர்கள் அனைவரும் உறுதிசெய்தனர், பாராட்டுகள். ஆனால் உள்ளூர் உறுப்பினர் டாக்டர் குமாரசாமி நான்கு நினைவூட்டல்களுக்கும் பதிலளிக்கவில்லை. எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. வாழ்நாளில் அவன் என் பேச்சைத் தட்டியதில்லை. போன பிறகு தட்டிவிட்டான்.

லுண்ட் அம்மா, இந்தக் கட்டுரை பெரிய இதழில் வரவேண்டியது, விட்டுக்கொடுங்கள் என்று எழுதினார். விடுவிப்புக் கடிதம் கேட்டு சித்ராதேவி என் முன் நின்றாள், தலை நிமிரவில்லை. பதினோரு வருடத்தில் எங்களுக்கு வந்த ஒரே நல்ல கட்டுரை. கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை என்று இரண்டு முறை உதறினேன். நன்றாகத்தான் எழுதியது.

போன வாரம் மருதாக்கா கிளினிக்குக்கு வந்தார். மிச்சமான டிஷர்ட்டைக் கம்பெனியில் கொடுத்திருக்கிறார்கள். சேலைக்கு மேல் எங்கள் இதழின் பெயர் எக்ஸ்ட்ரா லார்ஜில் தொங்கியது. ஊதச் சொன்னேன். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. நான் மறுபடி ஊதச் சொன்னேன், வைத்தியத்துக்காக அல்ல.

போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

“அந்த டென்மார்க்கம்மா சொன்னாச் செய்யறாங்கங்க. பொம்பளைங்க பாத்ரூமுல தாப்பாள் இல்லீங்க. அதையும் எழுதச் சொல்றீங்களா?”

அன்று மதியமே லுண்ட் அம்மாவுக்கு விஷயத்தை விளக்கி எழுதினேன், சுபஸ்ரீக்கு ஒரு நகல் வைத்து. டென்மார்க்கில் இன்னும் பொழுது நன்றாக ஏறியிருக்காது. பத்து நிமிடத்தில் சுபஸ்ரீயின் பதில் வந்துவிட்டது:

‘சார், இருபத்துநாலாவது குறிப்பாக ஏற்றிவிட்டேன். எத்தனை கதவு?’