வளைந்த தங்கையும் வளையாத ஐயமும்

மழை ஓய்ந்து மேற்கே சரிந்த கதிரவன், ஈரஞ் சொட்டும் மாடங்களின் மேலும் மக்கள் மீண்டும் நடமாடத் தொடங்கிய நெடுந்தெருவின் மேலும் உருக்கிய பொன்னை ஊற்றினாற்போல் ஒளி பரப்பிய அப்பிற்பகலில், தெருக்கோடி ஆடற்கூடத்து மரத்தளத்தில் ஒருத்தியின் சதங்கையொலி மட்டுமே எழுந்ததென்றால், கற்றறிந்த நண்பரே, அஃது இயல்பான செய்தியன்று. இணைந்தாடிப் பெயர் பெற்ற உடன்பிறந்தார் இருவருள் தமக்கை மட்டுமே அன்றும் வந்திருந்தாள்.

தங்கையோ, இளங்கொடியும் நாணுமாறு பின்னே வளைந்து குதிகாலைத் தலையால் தொடுபவள். அவ்வளைவைக் காணவே அவை நிறையும். அத்தகையவள் இரண்டு திங்களாக, தோளில் வலி, இடுப்பில் வலி, முழங்காலில் வலி என்று முனகுவதும், வாரம் இருமுறை சொல்லாமல் எங்கோ போய்வருவதுமாக இருந்தாள்.

"எங்கடி போயிட்டு வர்றே?"

"சும்மா, ஒரு வேலையா."

அந்தச் சும்மா தமக்கையின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வில்லாய் வளைகிற உடம்புக்கு வலி ஏது? தனியே ஆடிப் புகழ்பெற வேறு குழுவோடு பேசுகிறாளோ? தங்கையின் பையைத் துழாவியபோது முழங்காற்பட்டை ஒன்று அகப்பட்டது. மேடையில் ஆயிரம் மெய்ப்பாடு காட்டுபவளுக்கு நொண்டிக் காட்டுவதா பெரிது என்று கசந்தாள். அரங்கேற இன்னும் பத்தே நாள். அன்று சதங்கையை அவிழ்த்தெறிந்து, தங்கை வழக்கமாகப் போகும் பக்கம் விரைந்து, கடைத்தெருவில் அவளைக் கண்டு, நிழல்போல் பின்தொடர்ந்து, ஒரு மாடியேறித் திரைச்சீலைக்கு இப்பால் மூச்சடக்கி நின்றாள். அப்பால் கேட்டது மூட்டு மருத்துவரின் குரல்.

"தோள் ரெண்டு தடவை நழுவியிருக்கு. தினமும் யாராவது முதுகுல அழுத்தி வளைக்கிறாங்களா?"

"அக்காதான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொல்வா. நானும் வளைஞ்சு குடுத்துடுவேன்."

"வளையுதேன்னு வளைக்காதீங்கம்மா. மூட்டைப் பிடிச்சு வெச்சிருக்கற நாரு உங்களுக்குப் பொறந்ததுலேர்ந்தே தளர்ச்சி. இவ்வளவு வளையறதும் அதனாலதான், வலிக்கிறதும் அதனாலதான். தசையை வலுவாக்கணும். அந்தப் பின்வளைவை விட்டுடுங்க."

"அதை விட்டா அக்காவோட ஆட்டமே போச்சு, டாக்டர்."

தமக்கை திரையை விலக்கினாள். அவள் தேடி வந்த வஞ்சகம் அங்கே இல்லை. தன் இரு கைகளே குற்றவாளிகளாய் முன்னே தொங்கின.

"ஏன்டி எங்கிட்ட சொல்லலே?"

"ரெண்டு மாசமா சொன்னேனேக்கா."



பத்தாம் நாள் இருவரும் ஆடினர். பின்வளைவை நீக்கி, விழியாலும் விரலாலும் நின்றாடிய அவ்வாட்டத்தைச் சிலர் வியந்தனர்; வளைவு காண வந்த சிலர் முணுமுணுத்தெழுந்து போயினர். மருத்துவர் வகுத்த பயிற்சியால் தங்கையின் தோள் மெல்ல மெல்ல உறுதிப்பட்டது; முனகலும் நின்றது.

ஆயினும் தமக்கைக்கு அமைதி வாய்க்கவில்லை. நாள்தோறும் பயிற்சி முடிந்ததும், "வலிக்குதா?" என்பாள். "இல்லக்கா" என்று தங்கை முறுவலிப்பாள். அம்முறுவலின் ஓரத்தையும், அவள் எழுகையில் தரையில் ஊன்றும் கையையும் தமக்கை நெடுநேரம் உற்று நோக்கி நிற்பாள். மெய்யைச் சொன்ன நாளில் நம்ப மறுத்தவளுக்கு, பின்னர் எந்தச் சொல்லையும் நம்பி இளைப்பாறும் பேறு எளிதில் கிட்டுவதில்லை.