அட்டைத் தலைக் குதிரை

“ஏய் குதிரை, பசிக்குதா?”

“பேசாத புஷ்பா. லைட்டு எரியுது.”

“உன் மூஞ்சிதான் வெளிய தெரியாதே. மெல்லு.”

அட்டைத் தலையின் வாய் ஓட்டை வழியாக ஒரு துண்டு கடலைமிட்டாய் உள்ளே வந்தது.

“முடிஞ்சதும் ஒரே ஒரு தரம் என் மூஞ்சியயும் காட்டச் சொல்றியா?”

“நீயே கேளு. குதிரைக்கு வாயில்லையா?”

அல்போன்ஸ் கேட்கவில்லை. எண்பத்திரண்டில், மெட்ராஸ் டி.வி. நிலையத்தில், சிறுவர் நிகழ்ச்சிக்காக மாரண்டஹள்ளிப் பிள்ளைகள் போட்ட நாடகம் அது. புஷ்பமேரி ராணி. முதுகில் அவளைச் சுமந்து தவழ்ந்த அவன் குதிரை. கடைசிவரை தலையைக் கழற்றவே இல்லை.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. பாலக்கோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் இருபது வயது அல்போன்ஸ், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பமேரி வீட்டுக்கு நடந்தபோது அந்தக் கடலைமிட்டாய்தான் நினைவுக்கு வந்தது. அவளைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து வருகிறார்கள். அவள் அப்பா இன்னாசிராஜ் அவனுக்கு ஆள் அனுப்பியிருந்தார். அவன் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம் அவர். அவனுக்கு மாமா முறை.

“வாப்பா. நீதான் எனக்குச் சாட்சி,” என்றார் அவர்.

“எதுக்குங்க மாமா?”

“அந்த டி.வி. கதைக்குத்தான்.”

அந்தக் கதை ஊருக்கே தெரியும். நாடகம் ஒளிபரப்பான சாயங்காலம், கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி தெருவே உடுத்திக்கொண்டு அப்துல் ஷுக்கூரின் ரேடியோ கடை முன்னால் உட்கார்ந்திருந்தது. ஊரில் இருந்த ஒரே டி.வி. அங்கேதான். அதன் ஆன்டெனா எப்போதும் பெங்களூரைப் பார்த்தே நிற்கும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. பெட்டியில் கன்னடப் பிள்ளைகள் கும்மியடித்தார்கள். ஷுக்கூர் பாய் கூரைமேல் ஏறிக் கம்பத்தை மெட்ராஸ் பக்கம் திருப்பினார். திரை முழுக்கப் புள்ளி மழை. மறுபடி திருப்பினார், மறுபடி கும்மி.

“அதோ பாருங்க, ரெட்டைச் சடை. நம்ம புஷ்பாதான்,” என்று அடித்துச் சொன்னாள் பக்கத்து வீட்டு ரோசம்மாள்.

“அந்தப் புள்ள செவப்புங்க,” என்றார் யாரோ.

“டி.வி.யில அப்படித்தான் தெரியும்.”

கறுப்பு வெள்ளைப் பெட்டியில் எந்தச் சிவப்பைக் கண்டார்களோ, அன்றிலிருந்து ஊரைப் பொறுத்தவரை புஷ்பமேரி கன்னட டி.வி.யில் ஆடியவள். குதிரை யார் கண்ணிலும் படாததால் அல்போன்ஸ் புளுகன்.

“ரோசம்மா அதை ஓசூர் வரைக்கும் கொண்டுபோயிட்டா,” என்றார் இன்னாசிராஜ். “மாப்பிள்ளை வீட்டுக் கடைக்கு வர்றவங்க பாதிப்பேர் கன்னடக்காரங்களாம். கன்னடம் பேசற பொண்ணுன்னு ஆசையா வர்றாங்க. இவளுக்கு வாங்க, போங்கன்னு ‘பன்னி’, ‘ஹோகி’ சொல்றதுக்கு மேல ஒண்ணும் வராது. பொய்யில ஆரம்பிக்கக் கூடாதுப்பா. நான் சொன்னா பெத்தவன் மழுப்பறான்னு நெனப்பாங்க. எங்க, அவங்க முன்னாடி சொல்ற மாதிரி சொல்லு.”

நல்ல சோதனைதான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் அவனுக்கென்று ஒரு கடலைமிட்டாயை ஒளித்து வைத்து அனுப்புகிறவளை, இன்னொருவனுக்குச் சாட்சி சொல்லிக் கட்டிவைக்க வேண்டும். கேட்டுவிடலாம், கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டதற்கு இந்தத் தண்டனை.

“புஷ்பா கன்னடத்துல ஆடலைங்க. தமிழ் நாடகத்துல ராணிங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் குதிரைங்க.”

“சபாஷ். இன்னும் ரெண்டு வார்த்தை கூட்டிச் சொல்லு.”

“மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்துச்சுங்க. கொலுசுல ஒரு கண்ணி கழண்டு என் விலாவுல குத்திக்கிட்டே இருந்துச்சு. வசனம் மறந்தா என் காதைத் திருகும்; நான் கீழயிருந்து எடுத்துக் குடுப்பேன். எறங்கினதும் ‘முட்டி வலிக்குதா’ன்னு கேட்டுச்சு. அதுக்கப்பறம் யாரும் என்னை அப்படிக் கேக்கலைங்க.”

சமையலறையில் கேசரி கிளறிக்கொண்டிருந்த புஷ்பாவின் அம்மா லூர்து மேரியின் கரண்டிச் சத்தம் நின்றது.

“இதெல்லாம் ஓசூர்க்காரங்களுக்கு எதுக்குப்பா?” என்றார் இன்னாசிராஜ். 

உள் கதவருகே வந்து நின்றாள் புஷ்பமேரி. பட்டுப்புடவை கட்டியிருந்தாள், கனகாம்பரத்தைத் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

“அப்பா, குதிரை இன்னும் ஏதோ சொல்ல வருது.”

“என்னப்பா, சொல்லு.”

முக்கில் ஓசூர் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. புஷ்பமேரி அவனையே பார்த்தாள். அன்று விளையாட்டாகக் கேட்டதை இன்று கண்கலங்கக் கேட்டாள்.

“குதிரைக்கு வாயில்லையா?”

அல்போன்ஸ் எழுந்து நின்றான்.

“மாமா, புஷ்பாவ எனக்குக் குடுங்க.”