தூக்கிவிடும் கை

மூடிய கதவைப் பார்த்தால் எனக்குக் கால் அரிக்கும். அது என் குணம். மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. எங்கள் ஊர்த் தேர் வீதியில் என் பாட்டன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுகூட நடக்க முடியாது. அந்த வம்பே வேண்டாம் என்று குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கினோம். அங்கே மாதா கோவிலுக்குள் நடுவே ஒரு கம்பியை நட்டு, உங்கள் சனம் இந்தப் பக்கம் முழங்காலிடட்டும் என்றார்கள். பூசை நடக்கும்போது நான் பீடத்தைப் பார்த்ததைவிட அந்தக் கம்பியை முறைத்ததுதான் அதிகம்.

ஆகவே அமீர் பாஷா சாயபு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மரியம்மா, அம்மாகூட மக்காவுக்கு வர்றியா?" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

"வர்றேன்."

"உங்காளுங்களை உள்ள விட மாட்டாங்க. தெரியுமில்ல?"

"அப்பன்னா கட்டாயம் வர்றேன்."

அமீர் பாஷாவுக்கு ஆம்பூரில் பாலாற்றங்கரை ஓரமாகத் தோல் பதனிடும் ஷாப்பு. என் வீட்டுக்காரர் அங்கே சுண்ணாம்புக் குழியில் வேலை செய்து, மார்ச்சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், எழ முடியாத நோயாளிகளைத் தூக்கி உட்காரவைக்கும் வேலைக்குப் போனேன். சாயபுவின் தாயார் அக்தரி பேகம் குளியலறையில் விழுந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது, சாயபு ஆள் அனுப்பி என்னை ஊருக்கே திரும்ப வரவழைத்துவிட்டார். அன்று முதல் பேகத்துக்கு வலது பக்கம் நான்தான். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, தொழுகைக்கு முன்னால் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கைகால் கழுவவைப்பது எல்லாம் என் பொறுப்பு.

பேகத்துக்கு லேசான உடம்பில்லை. எழுப்புவதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. நான் இடுப்புக்குக் கீழே கை கொடுப்பேன். அவர் இடது கையைத் தரையில் ஊன்றி, "யா அல்லாஹ்" என்பார். பாரம் என் மேல் சாயும் நொடியில் நான் "சேசுவே" என்பேன். கத்தோலிக்கரான எங்கள் வாயில் ஏசு சேசுதான். இரண்டு பேரும் கூப்பிட்டு முடிப்பதற்குள் பேகம் எழுந்து நின்றிருப்பார். ஒருவர் கூப்பிட்டதை மற்றவர் குறை சொன்னதில்லை. எழுந்தால் போதும் என்றிருந்தோம்.

அந்த வருஷம் ரம்ஜான் முடிந்ததும் பம்பாயில் கப்பல் ஏறுவதாக ஏற்பாடு. ஹஜ்ஜுக்குப் போவது பேகத்தின் ஆயுசு ஆசை. புருஷனோடு போவதாக இருந்து, அவர் இறந்துபோனதால் நின்றது. மகனோடு போவதாக இருந்து, விழுந்ததால் நின்றது. இதையும் விட்டால் அடுத்த வருஷம் உடம்பு இடம் கொடுக்காது என்று ஹகீமும் சொல்லிவிட்டார், டாக்டரும் சொல்லிவிட்டார். அவர்கள் இருவரும் ஒரே மாதிரி பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

வழித்துணைக்குப் பொம்பளை ஆள் இல்லாமல் இல்லை. பேகத்தின் நாத்தனார் ஹலீமா பீ ஏற்கெனவே ஹஜ் செய்தவர். ஆம்பளை மாதிரி தோள், வஜ்ரம் மாதிரி முழங்கை. அமீர் பாஷா அவருக்கு அண்ணன் மகன் என்பதால் சேர்ந்து பயணம் போக மார்க்கத்திலும் தடையில்லை. ஆனால் பேகம் விழுந்த புதிதில் கட்டிலருகே வந்து பார்த்த ஹலீமா பீ, "நல்லா இருந்தப்ப கட்டிலை விட்டு எறங்காத மகராசி. அல்லாவே உக்கார வெச்சிட்டான்" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உப்பு வேண்டுமென்றால்கூட என் மூலமாகத்தான் கேட்டுக்கொள்வார்கள்.

"அவ கை என் மேல பட்டா நான் மக்காவுலயும் எழுந்திருக்க மாட்டேன்" என்றார் பேகம். "மரியம்மா வந்தா போறேன். இல்லாட்டி இல்ல."

நான் ஜித்தா துறைமுகம் வரை போகலாம். அதற்கப்பால் மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர் போகக் கூடாது. வேறு ஆளை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று தாயிடம் சொல்லிவைத்த அமீர் பாஷா, தனக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தார். எனக்குப் பர்தா மாட்டி, 'மரியம் பீ' என்று கூட்டிக்கொண்டு போய்விடுவது. பேரைக்கூடப் பெரிதாக மாற்ற வேண்டாம் என்பதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"முகம் தெரியாது. நீ பேசவே வேணாம். எவன் கேக்கப் போறான்?" என்றார்.

எனக்கும் உள்ளூரக் குஷிதான். தேர் வீதிக்காரர்களும் கம்பி நட்டவர்களும் காலெடுத்து வைக்க முடியாத ஊருக்குள் நான் நடந்து போகப் போகிறேன். திரும்பி வந்து யாரிடமும் சொல்ல முடியாது என்பது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

சாயபு எனக்குப் பாடம் எடுத்தார். ஸலாம் சொல்ல வேண்டியது, பதில் சொல்ல வேண்டியது எல்லாம் ஆம்பூரில் பிறந்தவளுக்குப் புதிதில்லை. தூக்கும்போது 'பிஸ்மில்லாஹ்' மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சமையலறையில் அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகினேன். அரிசி மூட்டையிடம் எல்லாம் ஒழுங்காக வந்தது.

புறப்படும் நாள் நெருங்கியது. ஒரு பிற்பகல், பர்தாவோடு பேகத்தின் முன்னால் போய் நின்றேன். கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம் ஹலீமா பீ தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். சாயபு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வேஷம் இது?" என்றார் பேகம்.

"கப்பல்ல வெயில் ஜாஸ்தியாம்மா" என்று மகன் முந்திக்கொண்டார். "ஒருவாட்டி எழுந்து பாரும்மா, பர்தா தடுக்குதான்னு."

நான் குனிந்து கை கொடுத்தேன். பேகம் "யா அல்லாஹ்" என்றார். பாரம் சாய்ந்தது. மூடிய துணிக்குள்ளிருந்து, வழக்கத்தைவிட உரக்க, "சேசுவே" என்றேன்.

சாயபு தலையில் கை வைத்துக்கொண்டார். ஹலீமா பீயின் மணி நின்றது. பாதி எழுந்த பேகம், என் தோளைப் பிடித்தபடியே மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பவும் உட்கார்ந்துகொண்டார்.

"அமீர். இவளை எதுவரைக்கும் கூட்டிட்டுப் போறதா இருந்தே?"

மகன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அல்லாவோட வீட்டுக்குத் திருட்டுத்தனமா ஆள் கொண்டுபோறியா? அப்பறம் அங்க நின்னு நான் இன்னான்னு துவா கேக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. முகத்துணியைத் தூக்கிப் போட்டேன்.

"சாயபுவைத் திட்டாதீங்க. நான்தான் ஒத்துக்கினேன். கேக்கறேன் பீபிம்மா, ஏன் எங்களை விடறதில்ல? நாங்க அசுத்தமா? தேர் வீதியில அதைத்தான் சொன்னாங்க. நீங்களும் அதையேதான் சொல்றீங்களா?"

சாயபு என்னை அடக்கப் பார்த்தார். பேகம் கையமர்த்தினார்.

"கேக்கட்டும். நல்ல கேள்விதான்" என்றார். "ஒரே அல்லாவை ஒத்துக்காதவங்க அந்தப் பள்ளிவாசல்கிட்ட வரக் கூடாதுன்னு குர்ஆன்லயே இருக்குது. வேதம் வந்த உங்க மாதிரி ஆளுங்களையும் அதுல சேக்கலாமா கூடாதான்னு மார்க்கம் படிச்ச ஆலிம்ங்களுக்குள்ளயே பேச்சு உண்டு. ஆனா அங்க நடக்கற வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான். வர விட மாட்டாங்க."

"அப்ப அசுத்தம்தான்."

"உடம்பைச் சொல்லலடி. தினம் என்னைக் கழுவிவிடறது யார் கை? அந்தக் கையைப் பிடிச்சிக்கினு நேரா போய்த் தொழுவறேன். உன் கை அசுத்தம்னா என் தொழுகை எப்பிடிச் செல்லும்? இங்க நம்ம தர்காவுக்கு உங்க ஆளுங்கதான ஜாஸ்தி வர்றாங்க, யாரு தடுக்கறா? அந்த ஒரு ஊரு வேற. அது ஊர் முழுசும் தொழுகைக்கு விட்டது. அங்க வேட்டை கூடாது, தானா மொளைச்ச செடியைக்கூடப் பிடுங்கக் கூடாது. வேடிக்கை பாக்கவும் யாரும் வரக் கூடாது. தொழுவ வர்றவங்களுக்கு மட்டும்தான்."

நான் விடவில்லை. "கதவு கதவுதானே பீபிம்மா. வெளிய நிக்கறவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணா? தேர் வீதியில உன் பாட்டன் இன்னா சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பாங்க?"

யோசித்தேன். "எது சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டாங்க."

"இங்க அல்லாவையும் அவன் நபியையும் ஒத்துக்கினு கலிமா சொன்னா போதும். உன் அப்பன் யாரு, எந்தச் சேரின்னு ஒருத்தன் கேக்க மாட்டான். மொத வரிசையில என் பக்கத்துல நிக்கலாம். ஆனா அது நெசமா இருக்கணும். பர்தாக்குள்ள ஒண்ணு வெச்சிக்கினு வாயில ஒண்ணு சொல்றது எனக்கும் வேணாம், உன் சேசுவுக்கும் வேணாம்."

என் வாழ்நாளில் சாதி கேட்காத கதவு ஒன்றை அன்றைக்குத்தான் கண்டேன். உள்ளே போக எனக்கு ஆசையாக இருந்தது. பேகத்துக்காக அதைச் சொல்லிவிடலாமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நாக்கு சொல்லிவிடும். நெஞ்சுதான் வராது, புருஷனைப் புதைத்த இடத்துச் சிலுவையருகிலேயே நின்றுவிடும் என்று தெரிந்தது. மற்றக் கதவுகளையெல்லாம் யார் யாரோ என் முகத்தில் சாத்தினார்கள். இதை மட்டும் நானே சாத்தினேன். சாத்தியதும், வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு ஒரு கெத்துகூட வந்தது.

பர்தாவைக் கழற்றி மடித்து சாயபுவிடம் கொடுத்தேன்.

"நெசமா சொல்ல முடியாது பீபிம்மா. பொய்யா வர மாட்டேன். ஜித்தா வரைக்கும் வர்றேன்."

"எதுக்கு? அங்க வேற ஆள் இருக்குன்னு இவன் சொன்னதும் பொய்தான். நானே போகல" என்றார் பேகம். "உடம்பு முடியாதவங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் செய்யலாம். அமீர் போய் எனக்குப் பதிலா செஞ்சிட்டு வரட்டும். முடிஞ்சிது."

குரல் முடிந்த மாதிரி இல்லை. கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது. உடம்பு முடியாமல் இல்லை, மனசுதான் முடியவில்லை என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். முழு பலத்தோடு இரண்டு கைகள் எதிர்ச் சுவரோரம் மணி உருட்டிக்கொண்டிருந்தன. நான் இருக்கும் வரை பேகம் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

அப்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"கை குடு" என்றார் பேகம், என் பக்கம் பார்க்காமலே.

"குடுக்க மாட்டேன்."

கேட்டது சரிதானா என்பது போலத் திரும்பினார். "இன்னா?"

"இனிமே நான் தூக்க மாட்டேன் பீபிம்மா. ஹஜ்ஜுக்குப் போயிட்டு வாங்க. அப்பறம் தூக்கறேன்."

"திமிரா? வேலையை விட்டு நிறுத்திடுவேன்."

"நிறுத்துங்க. நிறுத்தினாலும் தூக்கப் போறதில்ல, நிறுத்தாட்டியும் தூக்கப் போறதில்ல."

சாயபு பதறிக்கொண்டு தாயிடம் ஓடினார். நான் குறுக்கே நின்றேன். "நீங்க தள்ளுங்க சாயபு. இப்ப நீங்க தூக்கினா, அங்க பொம்பளைங்க குளிக்கற எடத்துக்கும் நீங்கதான் தூக்கிட்டுப் போவணும்." அவர் முகம் சிவந்து படிக்கே திரும்பிப் போனார்.

பேகம் தானே எழப் பார்த்தார். இடது கையை ஊன்றி "யா அல்லாஹ்" என்றார். உடம்பு கொஞ்சம் எழும்பித் திரும்பவும் பாயில் விழுந்தது. மறுபடி ஊன்றினார். தாங்க முடியாமல் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கல்நெஞ்சுக்காரி என்று அவர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். பாங்கு முடிந்துவிட்டது. தெருவில் தொழுகைக்குப் போகிறவர்களின் நடைச் சத்தம் கேட்டது.

"கைகால் கழுவத் தண்ணி இல்லாத எடத்துலதான் மண்ணைத் தொட்டுத் தொழுவலாம்" என்றார் ஹலீமா பீ, சுவரைப் பார்த்து. "இங்க கெணறு நெறைய தண்ணி இருக்குது."

பேகம் தன் செத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உப்புக் கேட்கக்கூட என்னை அனுப்பிய வாயால், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆபா" என்று அக்கா முறை வைத்து ஹலீமா பீயைக் கூப்பிட்டார்.

ஹலீமா பீ மணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அக்குளில் கை போட்டு மூட்டை மாதிரி இழுத்தார். பேகம் வலியில் முனகினார்.

"அங்க இல்லம்மா, இடுப்புக்குக் கீழ" என்றேன். "முட்டியை அவங்க முட்டிக்கு முட்டுக் குடுங்க. அவசரம் வேணாம்."

"சும்மா இருடி, தெரியும்" என்ற ஹலீமா பீ, நான் சொன்ன இடத்திலேயே கையை மாற்றி வைத்தார். "நான் அன்னிக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"மொதல்ல தூக்கு" என்றார் பேகம்.

எழுந்துவிட்டார். இரண்டு கிழவிகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, தடுமாறி, கூடத்தைக் கடந்து கிணற்றடிப் பக்கம் நடந்தார்கள். படியில் பேகத்தின் வலது கால் மடங்கியது. ஹலீமா பீ பிடித்துவிட்டார்.

என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று விட்டால் போதும், மற்றது ஓடிப்போய்த் தாங்கியிருக்கும். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கும்வரை நான் விடவில்லை.